உட்காரத் தெரிந்த வண்டி

"…அது உக்காந்துக்கிட்டது தப்பில்லீங்கண்ணா. என்னாத்துக்கு உக்காந்துச்சுன்னு பாக்காம எந்திரி எந்திரின்னு வெரட்டறீங்க பாருங்க, அதான் தப்பு" என்றார் சடையம்மா.

நான் ரிமோட்டின் சிவப்புப் பொத்தான் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். கொல்லிமலையில் பெரக்கரை நாட்டுச் சிற்றூர் ஒன்றின் மிளகுக் காட்டிலிருந்து ரோட்டுக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை அது. எங்கள் பட்டறையில் செய்த இரண்டு சக்கர வண்டி ஒரு மூட்டை மிளகைச் சுமந்தபடி பாதையின் வளைவில் தன் முட்டுக்கட்டைக் கால்களை ஊன்றி உட்கார்ந்திருந்தது. இடப்பக்கம் மேடு, வலப்பக்கம் ஓடைச் சரிவு. கீழே ரோட்டில் சரக்கு ஏற்ற வந்த லாரி ஆரன் அடித்துக்கொண்டிருந்தது.

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, நீங்கள் செய்யப் போவதும் இந்த மாதிரி வண்டிகளைத்தான். தானாக நிற்கும், தானாக நடக்கும் யந்திரங்கள். அதற்கான கணக்கெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் பத்தாவதோடு நின்றவன். நாமக்கல்லில் லாரிகளுக்கு வயரிங் செய்து, ரேடியோவைப் பிரித்து, பழைய செல்போனைப் பிரித்து, அப்படியே இந்தத் தொழிலுக்குள் வந்து விழுந்தேன். போன வருடம் ஓய்வு பெற்றேன். உங்களுக்குச் சொல்லித் தர என்னிடம் பாடம் இல்லை. அந்தச் சிவப்புப் பொத்தான் மேல் என் விரல் எப்படி வந்து சேர்ந்தது என்ற கதை மட்டும் இருக்கிறது.

சடையம்மாவுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றிய காடு, ஓரமாகக் கொஞ்சம் மரவள்ளி. காட்டிலிருந்து ரோட்டுக்கு அரை மணி நேர இறக்கம், எல்லாம் தலைச்சுமை. அவருக்குக் கழுத்து எலும்பு தேய்ந்துபோய், தலையில் இனிப் பாரமே வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு வருடம் அவர் மூட்டைகளையும் சேர்த்துச் சுமந்தவர் கொழுந்தனார் பெரியசாமி. பக்கத்துக் காடு அவருடையது. அவரும் ஒரு நாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டார்: "என்ற முதுகென்ன இரும்பா அண்ணி? இந்த வருசம் காட்டை எனக்குக் குத்தகைக்கு உடுங்க. நீங்க அண்ணன்கூடப் போயி நிம்மதியா இருங்க."

அண்ணன் என்பது சடையம்மாவின் கணவர். கோயமுத்தூர்ப் பக்கம் கட்டட வேலை. "வந்துரு, ரெண்டு பேரும் சேர்ந்தே வேலை பாக்கலாம்" என்று வாரம் தவறாமல் போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அங்க போனாலும் மண்ணுச் சட்டியைத் தலையிலதான வெக்கோணும்?" என்று சடையம்மா முதல் நாளே என்னிடம் சொன்னார். "இந்த வருசம் உங்க மிசினு என்ற மூட்டையை ரோட்டுல கொண்டாந்து வெச்சுதுன்னா நான் இங்கயே இருக்கறேன். வெக்கலைன்னா காட்டைக் கொழுந்தனுக்கு உட்டுட்டு நான் பஸ் ஏறிருவேன். அவ்வளவுதானுங்க."

எங்கள் வண்டி பரிசோதனையில் இருந்தது. அவருடைய வாழ்க்கையும் அதே நாளில் அதே மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தது. இதை நான் அப்போது முழுதாக மனதில் வாங்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வண்டிக்கு இரண்டே சக்கரம், பக்கத்துக்கு ஒன்று. நாலு சக்கர வண்டி அந்தக் குறுகல் வளைவுகளில் திரும்பாது. உள்ளங்கையில் குச்சியை நிற்க வைத்து விளையாடியிருப்பீர்கள். குச்சி சாயும் பக்கமே கையும் போனால்தான் குச்சி நிற்கும். வண்டியும் அப்படித்தான், சாயும் பக்கமே சக்கரத்தை ஓட்டி நிமிர்ந்துகொள்ளும். முன்னால் நடப்பவர் இடுப்பில் கட்டியிருக்கும் சின்னப் பெட்டியைப் பார்த்து அவர் பின்னாலேயே வரும்.

எந்தப் பக்கம் சாய்கிறோம் என்று சொல்வதற்கு உள்ளே இரண்டு சென்சார். ஒன்று அவசரக்காரர். ஒவ்வொரு கல்லில் ஏறும்போதும் 'சாஞ்சேன், சாஞ்சேன்' என்று அலறுவார். மற்றவர் நிதானஸ்தர், ஆனால் மறதிக்காரர். கொஞ்ச நேரம் ஓடினால் எது நேர் என்பது அவர் நினைவிலிருந்து மெல்ல மெல்ல நழுவிவிடும். இது எனக்கு மண்டையில் ஏறாமல் நான் திண்டாடியபோது எங்கள் எஞ்சினியர் அம்மிணி ஒரே வரியில் சொன்னார்: "அவசரக்காரரை மெதுவா நம்புங்க, மறதிக்காரரை உடனே நம்புங்கண்ணா." அந்தந்த நொடிக்கு மறதிக்காரர் பேச்சு, நேரம் போகப் போக அவசரக்காரர் பேச்சு. வயதில் என் மகளைவிடச் சின்னவர். எனக்கு வாய்த்த வாத்தியார்களில் அவர்தான் கெட்டிக்காரர். நாலு பக்கக் கணக்கில் இருந்ததை அந்த ஒரு வரியில் வாங்கிக்கொண்டேன்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

சென்சார் பலகையை ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் அது நூலளவு கோணலாக உட்காரும். அதை ஒவ்வொரு தடவையும் அளந்து சரிசெய்வது தலைவலி. நான் ஒரு குறுக்குவழி சொன்னேன்: சுவிட்ச் போடும்போது வண்டி எப்படி நிற்கிறதோ அதையே நேர் என்று எடுத்துக்கொள்ளட்டும். பட்டறையின் சிமெண்டுத் தரையில் அது கச்சிதமாக வேலை செய்தது.

"மலையிலயும் இப்படியேவா?" என்று அம்மிணி கேட்டார்.

"மட்டமான எடமாப் பாத்து வெக்கச் சொல்லிட்டாப் போச்சு" என்றேன். சொல்லும்போது எனக்கு ஏகப்பட்ட பெருமை வேறு.

முதல் ஓட்டத்தன்று நான் ரோட்டில் நின்றேன். அம்மிணி பாதி வழியில். சடையம்மா மேலே காட்டில், வண்டியோடு. போனில் கேட்டேன்.

"மட்டமான எடத்துல வெச்சிட்டீங்களா?"

"வெச்சாச்சுங்கண்ணா. நல்ல மட்டம்."

"பத்து எண்ணிட்டு சுவிட்சைப் போடுங்க."

அவர் சத்தமாகவே எண்ணினார். பத்து வந்தது. வண்டி காலை மடக்கி எழுந்து நிற்கும் சத்தம் போனிலேயே கேட்டது.  அப்புறம் அவர் குரல்: "ஏனுங்கண்ணா, இது என்னை உட்டுட்டு முன்னால போவுதுங்க. நில்லுன்னாலும் கேக்க மாட்டீங்குது."

வண்டி அவரைத் தாண்டிச் சரிவில் ஓடி, காப்பிச் செடிகளை உரசிக்கொண்டு போய் ஓடைக்குள் கவிழ்ந்தது. யாருக்கும் அடி இல்லை. மூட்டை மட்டும் பிரிந்து, பாதி மிளகு சருகுக்குள் போய்விட்டது. பக்கத்துக் காட்டிலிருந்து பெரியசாமியும் வந்து சேர, நாங்கள் நாலு பேரும் மத்தியானம் வரை குனிந்து பொறுக்கினோம். பெரியசாமி ஒரு கை மிளகை என் முன்னால் வைத்துவிட்டு, "மட்டமான எடத்துல வெச்சா மட்டமான மிசினு மட்டமாத்தான் போவும் போல" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, முகத்தை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை.

அன்றைக்கு நான் நோட்டில் எழுதிய வரி இன்னும் நினைவிருக்கிறது. 'இயக்கியவர் வண்டியைச் சரிவில் வைத்து இயக்கியதால் விழுந்தது.' அம்மிணி அதைப் படித்தார். கோபப்படவில்லை.

"சரிவுல வெச்சேன்னு அந்தக்கா சொன்னாங்களா?"

"இல்ல. மட்டத்துல வெச்சேன்னுதான் சொல்றாங்க."

"அப்ப அந்த மட்டத்தைப் போய்ப் பாத்துட்டு எழுதலாமே."

போனோம். சடையம்மா எங்களைக் கூட்டிப்போய்க் காட்டியது மிளகு காயப் போடும் பாறையை. அகலமான, வழவழப்பான பாறை. "இதுல மொளகைக் கொட்டுனா ஒரு மணி உருண்டு போவாதுங்க. இதை உட மட்டம் இந்த மலையில எங்கீங்க இருக்குது?" என்றார். நின்று பார்த்தால் எனக்கும் அது மட்டமாகத்தான் தெரிந்தது. பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து வைத்தேன். குமிழி ஒரு ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. மழைத் தண்ணீர் தேங்காமல் வடியும் அளவுக்குப் பாறை ஓடைப்பக்கம் சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வையே நேர் என்று எங்கள் வண்டி மனப்பாடம் செய்துகொண்டு, அந்த நேரைக் காப்பாற்றுவதற்காகத்தான் ஓடை வரைக்கும் ஓடியிருக்கிறது.

சடையம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து குமிழியைப் பார்த்தார். "உங்க மட்டம் இந்தக் கண்ணாடிக்குள்ள இருக்குது. இந்தக் கண்ணாடி மேலயா நாங்க மொளகு காய வெக்கறோம்?"

லாரிப் பட்டறையில் எனக்குத் தொழில் பழக்கிய தலைமை எலெக்ட்ரீசியன் ஒருவர் சொல்வார்: "மீட்டர் பொய் சொல்லாது. ஆனா நீ வயரு முனையை வெச்ச எடத்தைப் பத்தி மட்டுந்தான் பேசும்." அந்தப் பாறையில் எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது. நான் 'மட்டம்' என்று ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டு, அந்தச் சொல் சடையம்மாவின் காலடியில் என்னவாக இருக்கிறது என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. அவர் நான் சொன்னதை ஒரு எண்கூட விடாமல் செய்திருந்தார். நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டு, 'என் குறுக்குவழியால் விழுந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தம்பி தங்கைகளே, 'இயக்கியவர் தவறு' என்று எழுத உங்களுக்கும் ஒரு நாள் கை துடிக்கும். அன்றைக்கு அந்த இயக்கியவர் நின்ற இடத்துக்குப் போய் நின்றுவிட்டு வந்து எழுதுங்கள். பெரும்பாலும் எழுத மாட்டீர்கள்.

அம்மிணி நேர் எது என்பதைப் பட்டறையிலேயே அளந்து வண்டியின் நினைவில் பூட்டிவிட்டார். இனி எங்கே சுவிட்ச் போட்டாலும் பூமி இழுக்கிற பக்கம்தான் கீழ். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் விடவில்லை. "வண்டியை அப்புறம் பாக்கலாம். மூட்டை தூக்கறவங்க எப்படி நடக்கறாங்கன்னு பாக்கலாம்" என்றார். இரண்டு நாள் அந்தப் பாதையின் ஓரத்தில் உட்கார்ந்து, தலைச்சுமையோடு இறங்குகிறவர்களின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தோம். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

சடையம்மாவிடம் கேட்டேன்: "இத்தனை கல்லு, இத்தனை சருகு. நீங்க யாரும் விழவே மாட்டீங்களா?"

"விழுவோமுங்க. ஆனா உக்காந்து விழுவோம்."

வெறுங்கூடையைத் தலையில் வைத்துச் செய்தும் காட்டினார். கால் வழுக்கியதும் நிமிரப் பார்க்கவில்லை. கூடையை நேராகப் பிடித்தபடியே முழங்கால் மடங்கி அப்படியே குந்திவிட்டார். "வழுக்கறப்ப நிமிரோணும்னு வீம்பு பண்ணுனாத்தான் மூட்டையும் போவும், ஆளும் போவும். என்னமோ சரியில்லைன்னு காலுக்குத் தெரிஞ்சுட்டா நாங்க உக்காந்துக்குவோம். அப்புறம் என்னன்னு பாத்துட்டு எந்திரிப்போம்."

அம்மிணி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையிலேயே எனக்கு அடுத்த மூன்று வார வேலை தெரிந்துவிட்டது. மாட்டு வண்டியை நிறுத்தும்போது முட்டுக்கட்டை கொடுப்பார்களே, அது போல முன்னும் பின்னும் கால்கள் வண்டியில் ஏற்கெனவே இருந்தன. நிறுத்தும்போது மட்டும் இறங்கும். அதை நடக்கும்போதே சட்டென்று இறங்குமாறு மாற்றினோம். எப்போது இறங்க வேண்டும்? சக்கரம் 'இவ்வளவு தூரம் உருண்டேன்' என்கிறது, உடம்பு 'அவ்வளவு தூரம் நகரவில்லையே' என்கிறது. இரண்டு பேச்சும் ஒத்துவராத அந்த நொடியில், யார் சொல்வது சரி என்று வழக்கு நடத்தாமல் உட்கார்ந்துவிட வேண்டும்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. "நிக்கற வண்டி செய்யறேன்னு வந்துட்டு உக்கார்ற வண்டி செய்யறமே அம்மிணி" என்றேன்.

"விழவே விழாத வண்டி செய்ய எனக்குத் தெரியாதுண்ணா. மறுபடி எந்திரிக்கற மாதிரி விழற வண்டி செய்யலாம்" என்றார்.

ஒத்துக்கொண்டேன். ஆனாலும் ரிமோட்டில் ஒரு சிவப்புப் பொத்தானை நானாக வைத்தேன். அதை அழுத்தினால் வண்டி எந்தச் சென்சார் பேச்சையும் கேட்காது, எழுந்து ஓடும். அம்மிணி கேட்டதற்கு, 'பட்டறையில சோதிக்க வேணும்' என்றேன். உண்மை என்னவென்றால், எனக்கு என் கட்டைவிரல் மேல்தான் நம்பிக்கை.

இரண்டாவது ஓட்டம் வந்தது. சடையம்மா காட்டின் கடைசி நாலு மூட்டை, நடைக்கு ஒன்றாக. அன்று பெரியசாமிக்கும் அவசரம். குத்தகை உண்டு என்றால் கொடிக்குக் கவாத்து பார்க்க ஆள் பேச வேண்டும். "லாரி பொறப்படறதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிருங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு வளைவுக்குக் கீழே போய் நின்றுகொண்டார். மேலே அதே பாறையில், அதே சாய்வில் சுவிட்ச் போட்டோம். வண்டி எழுந்தது, ஒரு தடவை தன்னை அசைத்து நேராகிக்கொண்டது, சடையம்மாவின் பின்னால் அடக்கமாக நடந்து வந்தது. கல்படி இறங்கியது. வேர் தாண்டியது. அம்மிணி மூச்சுவிடாமல் பின்னால் வந்தார். நான் ரிமோட்டோடு பக்கவாட்டில்.

அந்த வளைவில் உட்கார்ந்தது.

நான் பச்சைப் பொத்தானை அழுத்தி எழுப்பினேன். எழுந்தது, ஒரு சாண் நகர்ந்தது, மறுபடி உட்கார்ந்தது. மறுபடி எழுப்பினேன். மறுபடி உட்கார்ந்தது. கீழே லாரிக்காரர் விடாமல் ஆரன். பெரியசாமி கையைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறார். சடையம்மா முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மூன்று வார வேலை, ஒரு அம்மாவின் காடு, எல்லாம் ஒரு அடி தூரத்தில் முரண்டு பிடித்து உட்கார்ந்திருப்பதாக எனக்குத் தோன்றியது. 'சும்மா பயப்படுது, ஒரு தள்ளுத் தள்ளினால் தாண்டிவிடும்' என்று மனம் அடித்துச் சொன்னது. விரல் சிவப்புக்குப் போய்விட்டது.

நெருக்கடி என்றால் என்ன என்று யாராவது உங்களைக் கேட்டால் இதைச் சொல்லுங்கள்: யந்திரம் தனக்குத் தெரியவில்லை என்று நேர்மையாகச் சொல்லிவிட்டது, உங்களுக்கும் தெரியவில்லை, ஆனால் உங்கள் கையில் பொத்தான் இருக்கிறது. நான் நாற்பது வருடம் தொழில் பார்த்ததில் கெட்டுப்போன வேலைகள் பெரும்பாலும் அந்த நொடியில் கெட்டவை. அறிவுக் குறைவால் கெட்டது கொஞ்சம்தான். நின்ற ஒன்றைப் பார்க்கச் சகிக்காமல் கெட்டதுதான் அதிகம். உட்கார்ந்துவிட்ட வண்டி தோற்றுப்போன வண்டி என்று நமக்குப் படுகிறது. அது உங்களிடம் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறது. பதில் தெரியாவிட்டால் கையைப் பொத்தானிலிருந்து எடுத்துவிட்டுப் போய்ப் பாருங்கள்.

இதையெல்லாம் நான் அந்த இடத்தில் யோசித்தேன் என்று சொன்னால் பொய். அப்போது சடையம்மா சொன்னதைத்தான் முதலிலேயே எழுதிவிட்டேன். அவர் குரலில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. என் விரல் தானாக விலகியது.

அவர் மேட்டுப் பக்கமாக ஒதுங்கி வந்து, வண்டிக்குப் பக்கத்தில் குந்தினார். வலது சக்கரத்துக்கு முன்னால் கையை விட்டுச் சருகை வாரி வாரிப் போட்டார். மேல் சருகு காய்ந்திருந்தது, அடியில் இருந்தது சொதசொதவென்று; சக்கரம் வழுக்கியது அதில்தான். அதற்கும் கீழே மேட்டிலிருந்து கசியும் ஊற்றுத் தண்ணீர் மண்ணைத் தின்று, பாதையின் ஓரக்கல் வெறும் பள்ளத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. சடையம்மா உட்கார்ந்த வாக்கிலேயே அந்தக் கல்லைக் குதிகாலால் ஒரு உதை விட்டார். அது ஓரத்து மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடைக்குள் போனது. அம்மிணி என் கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தார்.

சடையம்மா மேட்டிலிருந்து கைக்கு அடங்கும் கற்களாகப் பொறுக்கிப் பள்ளத்தில் ஒவ்வொன்றாகப் போட்டு நெருக்கினார். உதவிக்குப் போன என்னிடம், "பெருசு வேண்டாங்க, சிறுசு குடுங்க, அதுதான் பிடிக்கும்" என்றார். நிரம்பியதும் அதன் மேல் ஏறி, இரண்டு காலாலும் மிதித்து மிதித்துப் பார்த்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, என்னிடமிருந்து ரிமோட்டை வாங்கிப் பச்சைப் பொத்தானை அவரே அழுத்தினார். வண்டி எழுந்து நிற்கும்வரை பார்த்துவிட்டு, ரிமோட்டை என் கையில் திணித்து, முன்னால் நடந்தார். சக்கரம் அந்தக் கற்களில் ஏறும் சத்தம் கேட்டது. அதற்கும் அவர் திரும்பவில்லை.

வளைவுக்குக் கீழே நின்ற பெரியசாமியை நெருங்கியபோது, "கொழுந்தனாரே, குத்தகைப் பேச்சை உட்டுருங்க. மழைக்கு முன்னால இந்த வளைவுக்குக் கல்லுக் கட்டோணும். நாளைக்குக் கடப்பாறை எடுத்துக்கிட்டு வாங்க" என்றார். நின்று பார்க்காமல் அவரைத் தாண்டி ரோட்டைப் பார்த்து இறங்கினார், வண்டி பின்னாலேயே வந்தது.